பொத்தை மேல் ஒரு பிழைதிருத்தி

கார்த்திகையில் நாலு நாள் சூரியன் தலைகாட்டாத மழை. ஐந்தாம் நாள் காலையில் சித்தப்பா போன் போட்டார். "ஏல, பொத்தை மேல ஏத்துன ஒன் பெட்டி செத்துப்போச்சுலே. நேத்து ராத்திரில இருந்து ஒண்ணும் காட்ட மாட்டேங்கு."

சித்தப்பாவின் தோட்டம் களக்காட்டுக்கும் திருக்குறுங்குடிக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. வாழைதான். மூன்று கிணறு, இரண்டு தொட்டி, ஒரு மோட்டார் ரூம். கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது, தொட்டி நிரம்பியதா, மும்முனைக் கரண்டு வந்ததா என்று பார்த்துவரவே நாளுக்கு நாலைந்து நடை ஆகிவிடும். ராத்திரி என்றால் காட்டுப்பன்றி வேறு. ஆறு இடத்திலும் ஒரு சின்ன சென்சார் பெட்டி வைத்து, வீட்டுத் திண்ணையில் ஒரு டிஸ்ப்ளே மாட்டினால் நடை மிச்சம் என்று ஆசை காட்டியது நான்தான். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரு பொத்தை, சின்னப் பாறைக்குன்று, மறிக்கிறது. அதன் உச்சியில் ஒரு இரும்புக் குழாய் நட்டு, சோலார் பேனலும், கேட்ட சிக்னலைத் திரும்பச் சொல்லும் ரிப்பீட்டரும் வைத்தேன். செத்துப்போனது அந்த ரிப்பீட்டர்தான்.

பிழைப்புக்கு நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இன்வெர்ட்டர் போர்டு சர்வீஸ் செய்கிறேன். சர்க்யூட்டை நிரலாக எழுதும் மொழியான வெரிலாக் ராத்திரியில் கற்றுக்கொண்டது. அதனால் இந்தப் பதிவில் பாடப்புத்தகத்து ஒழுங்கை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். ரேடியோவுக்கு சிசி1101 சிப், உரிமம் வாங்கத் தேவையில்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், செகண்டுக்கு 4,800 பிட் வேகத்தில். பிழை திருத்த ஒரு ஐஸ்40 யுபி5கே எஃப்பிஜிஏ போர்டு; எஃப்பிஜிஏ என்றால் நாம் எழுதிக் கொடுக்கும் சர்க்யூட்டாக மாறிக்கொள்ளும் சிப். எல்லாவற்றையும் மேய்ப்பதற்கு ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர். பேட்டரி, பழைய எமர்ஜென்சி லைட்டில் இருந்து கழற்றிய 6 வோல்ட், 4.5 ஆம்பியர்-அவர். வயசானது, பாதிதான் பிடிக்கும்.

சென்சார் பெட்டிகளுக்கு வாய் உண்டு, காது கிடையாது. இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடி, பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். "கேட்கவில்லை, மறுபடி சொல்" என்று கேட்க வழியில்லை. வாழையிலை நனைந்துவிட்டால் சிக்னல் பாதாளத்துக்கு இறங்கும். வந்து சேரும் பிட்களில் அங்கங்கே ஒன்று பூஜ்யமாகவும் பூஜ்யம் ஒன்றாகவும் மாறியிருக்கும். அதனால்தான் அனுப்பும்போதே கூடுதல் பிட்களைச் சேர்த்து அனுப்பி, வாங்கும் இடத்தில் பிழையைத் தானே சரிசெய்துகொள்ளும் குறியீடு தேவைப்பட்டது.

முதல் பதிப்பில் விட்டர்பி டிகோடர் போட்டிருந்தேன், அதாவது வந்த குறியீட்டை அவிழ்த்து அசல் பிட்டைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட். 1967-இல் ஆண்ட்ரூ விட்டர்பி கொடுத்த முறை. 64 நிலைகள் கொண்ட, பாதி வீதக் கன்வல்யூஷன் குறியீடு; பாதி வீதம் என்றால் ஒரு பிட் சரக்குக்கு இரண்டு பிட் அனுப்புவது. வாயேஜர் விண்கலத்தில் போனதும் இதே வகைதான். தெற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள், நாம் வாழைத்தோட்டத்தில் வாயேஜர் குறியீட்டைப் போட்டால் என்ன என்று ஒரு மிதப்பு. 64 நிலைக்கும் தனித்தனியாகக் கூட்டி, ஒப்பிட்டு, தேர்ந்தெடுக்கும் சர்க்யூட். ஒவ்வொரு நிலைக்கும் 35 பிட் வரலாறு. ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃப்ளிப்-ஃப்ளாப், வரலாற்றுக்கு மட்டுமே 2,240 போனது. சிப்பில் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வேலையும் செய்தது, வெயில் அடித்த வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நாங்குநேரி வழியாக பைக்கில் போய், பெட்டியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். வரும் வழியெல்லாம் மனசுக்குள் விட்டர்பியைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிய சர்க்யூட் கரண்டைத் தின்னாமல் என்ன செய்யும்?

பெஞ்சில் வைத்து பேட்டரி வயரில் மீட்டரைத் தொடுத்தேன். 22 மில்லிஆம்பியர். பாதி செத்த பேட்டரியில் 2,250 மில்லிஆம்பியர்-அவர் இருக்கும் என்று வைத்தாலும் 102 மணி நேரம். நாலு நாள். சித்தப்பா சொன்ன கணக்கு சரியாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தேன். இந்த இடத்தில்தான் எனக்கு முதல் அடி. யுஎஸ்பி சிப்பும் பவர் எல்இடியும் சேர்ந்து 9. மலை உச்சியில் யுஎஸ்பிக்கு என்ன வேலை? 1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே 5. எல்லாருடைய டப்பாவிலும் கிடக்கும் அதே மூன்றுகால் பூச்சிதான். லோடு இல்லாவிட்டாலும் தன் பங்கு ஐந்தை எடுத்துக்கொள்ளும். எஃப்பிஜிஏயின் உள்சப்ளை 6. ரேடியோ, ஏடிமெகா, மற்றதெல்லாம் சேர்த்து 2. வெரிலாக்கில் ஒரு வரி தொடாமலே 22-இல் 14 போய்விடும். எல்இடியையும் யுஎஸ்பி சிப்பின் சப்ளையையும் துண்டித்து, மைக்ரோஆம்பியர் கணக்கில் குடிக்கும் ரெகுலேட்டர் ஒன்றை மாட்டினேன். எஃப்பிஜிஏ எந்தச் சர்க்யூட்டாக மாற வேண்டும் என்ற விவரத்தை வைத்திருக்கும் ஃப்ளாஷ் மெமரி மேலும் சந்தேகப்பட்டேன், அது பாவம். அந்த விவரத்தைப் படித்து முடித்ததும் ஐஸ்40 தானே அதற்குத் தூங்கு என்று கட்டளை கொடுத்துவிடுகிறது.

உள்சப்ளையை அளந்த விதத்தில் ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். 1.2 வோல்ட் தடத்தை அறுத்து 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதன் குறுக்கே மில்லிவோல்ட் பார்த்தேன். 6 மில்லிஆம்பியர் ஓடும்போது 60 மில்லிவோல்ட் விழுகிறது. சிப்புக்குக் கிடைப்பது 1.14 வோல்ட். அது அனுமதித்த கீழ் எல்லை. அவ்வப்போது கிறுக்குத்தனமாக நடந்துகொண்டதற்கு ஒரு சாயங்காலம் முழுக்க வெரிலாக்கில் காரணம் தேடினேன். ரெசிஸ்டரை 1 ஓமாக மாற்றியதும் கிறுக்கு தெளிந்தது. அளக்கிற கருவியே நோயாக இருக்கலாம்.

சரி, மீதி 6 மில்லிஆம்பியர். இந்தச் சிப் சிஎம்ஓஎஸ் வகை. அப்படிப்பட்ட சர்க்யூட் ஓடும்போது தின்னும் பவர் நாலு விஷயங்களின் பெருக்கல்: எத்தனை வயர் புரளுகிறது, அந்த வயர்களின் கெபாசிடன்ஸ், வோல்டேஜின் வர்க்கம், சர்க்யூட்டை அடி அடியாக நகர்த்தும் துடிப்பான கிளாக்கின் வேகம். வோல்டேஜ் என் கையில் இல்லை. கெபாசிடன்ஸ் சிப் செய்தவர் கையில். கிளாக்? சிப்புக்குள்ளேயே இருக்கும் 48 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை நாலால் வகுத்து 12-இல் ஓடவிட்டிருந்தேன். ஏன் 12? உதாரண நிரலில் அப்படி இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

பிட் வருவது செகண்டுக்கு 4,800. கிளாக் அடிப்பது செகண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம். அதாவது ஒரு பிட்டுக்கு 2,500 அடி; அதில் 2,499 வெட்டி அடி. அது மட்டுமல்ல, ரேடியோ ஒரு செகண்டு விழித்தால் 49 செகண்டு தூங்குகிறது. அந்தத் தூக்கத்திலும் கிளாக் விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது.

சிசி1101-ஐ ஒத்திசைவு சீரியல் முறையில் வைத்தால், ஒரு காலில் பிட்டையும் இன்னொரு காலில் பிட்டுக்கான கிளாக்கையும் அதுவே தரும். ஆசிலேட்டரை முழுக்க அணைத்துவிட்டு, ரேடியோ தரும் அந்த 4.8 கிலோஹெர்ட்ஸையே டிகோடரின் கிளாக்காக மாற்றினேன். ரேடியோ தூங்கினால் கிளாக்கும் நிற்கும். இதற்கு அந்த வயர், சிப் முழுக்கக் கிளாக்கைப் பரப்பும் குளோபல் கிளாக் காலில் வந்து சேர வேண்டும். என் போர்டில் வேறு காலில் இருந்தது. ஒரு ஜம்பர் வயர், அரை மணி நேரம்.

மீட்டர் 0.09 மில்லிஆம்பியர் காட்டியது. மீட்டர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்னொரு மீட்டரில் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது. டேட்டா ஷீட்டில் இந்தச் சிப் சும்மா கிடந்தாலே கசியும் என்று சொல்லும் அளவு 75 மைக்ரோஆம்பியர் பக்கம். நான் பார்த்ததில் பெரும்பங்கு அந்தக் கசிவுதான். வழியெல்லாம் நான் திட்டிய அந்தப் பெரிய விட்டர்பி தன் உழைப்புக்கு எடுத்துக்கொண்டது கசிவுக்கு மேலே ஒட்டிக்கொண்ட ஒரு துளி. அவ்வளவும் தின்றது வேலை இல்லாத நேரத்தில் துடித்த கிளாக்.

இதோடு முடித்திருக்கலாம். பெட்டியைத் திரும்ப ஏற்றினால் வேலை முடிந்தது. ஆனால் ஏற்றப் போன அன்றைக்குத் தூறல். சும்மா ஒரு சோதனைக்காக, தெரிந்த ஒரு பிட் வரிசையைக் கீழேயிருந்து நிறுத்தாமல் அனுப்பவிட்டு, மேலே எந்தெந்த இடத்தில் பிட் தவறுகிறது என்று லேப்டாப்பில் எழுதவைத்தேன். மழையில் பிழை எப்படி விழும்? அங்கொன்று இங்கொன்றாகத்தான் விழும் என்று நினைத்திருந்தேன். அப்படியும் விழுந்தது. ஆனால் இடையிடையே ஒன்பது, பத்து, பதினொரு பிட் நீளத்துக்குக் கொத்தாகவும் விழுந்தது. கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே ஏதோ தாளம் இருந்தது. இரண்டு தாளம் ஒன்றோடொன்று பிணைந்தது போல.

குடையைப் பிடித்துக்கொண்டு பொத்தை மேல் உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது. டிக். டிக். கீழே பன்றிக்குப் போட்ட சோலார் வேலி. நனைந்த புல் கம்பியில் உரசும் இடத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு நீலப் பொறி. ஒன்றேகால் செகண்டுக்கு ஒரு தரம். பொத்தையடியில் இரண்டு தோட்டத்து வேலிகள் சந்திக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி. லேப்டாப்பில் கொத்து விழுவதும் கீழே டிக் கேட்பதும் ஒன்றாக நடந்தன.

துடிப்பு ஒரு மில்லிசெகண்டு கூட இருக்காது. எங்கள் ஒரு பிட்டின் நீளம் 208 மைக்ரோசெகண்டு, ஆகவே நாலைந்து பிட் கெடலாம். மீதி ஐந்தாறு எப்படி? பளிச்சென்று ஒரு அதிர்ச்சி வந்ததும் ரேடியோ தன் காதை மூடிக்கொள்கிறது. திரும்பத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. பட்டாசு வெடித்ததும் நமக்குக் காது அடைக்கிற மாதிரி.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பொறியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அரிவாளை எடுத்துக்கொண்டு போய் நம் வேலியோரப் புல்லைக் கால் மணி நேரத்தில் அறுத்துவிட்டு வந்தார். ஒரு தாளம் நின்றே போனது. "புல்லை அறுத்தா போதும்னா, எதுக்குலே ரெண்டு மாசமா ராத்திரி முழிச்ச?" என்றார். பதில் இல்லை. ஆனால் அடுத்த வேலி பக்கத்துத் தோட்டக்காரருடையது. அந்தப் புல்லை நாம் அறுக்க முடியாது. நம் புல்லும் பத்து நாளில் திரும்ப வளரும்.

கொத்துப் பிழை விட்டர்பிக்கு ஆகாது. தனித்தனியாக விழும் பிழைகளை அது அழகாக விழுங்கும். பத்து பிட் வரிசையாகக் கெட்டால் வழி தவறி வேறு தெருவுக்குள் போய்விடும். போனதையும் சொல்லாது, எது கொடுத்தாலும் ஒரு பதிலைத் தைரியமாகச் சொல்லிவிடும். பிட்களைக் கலைத்து அனுப்பினால் விட்டர்பியும் சமாளிக்கும்தான். ஆனால் வேறு இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஒவ்வொரு பிட்டைப் பற்றியும் ரேடியோவுக்கு எவ்வளவு நம்பிக்கை என்ற தகவலும் கிடைத்தால்தான் விட்டர்பியின் முழு பலம் வெளிப்படும். சிசி1101 ஒன்று, பூஜ்யம் என்று முடிவு கட்டித்தான் தருகிறது, அதில் சுமார் 2 டெசிபல் போய்விடுகிறது. இரண்டு, பாதி வீதம் என்றால் கீழே பென்சில் பேட்டரிக்காரர்கள் இரண்டு மடங்கு பிட் பேச வேண்டும். பொத்தை மேல் மைக்ரோஆம்பியர் எண்ணிக்கொண்டு, கீழே ஆறு பெட்டியின் பேட்டரியைக் கரைப்பதில் என்ன நியாயம்?

இந்த யோசனையில் இருந்தபோது பேஜர் ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளில் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிந்தார்களே, அந்தப் பேஜர். ஒற்றை பென்சில் பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும், நாளெல்லாம் காதைத் திறந்தும் வைத்திருக்கும். அதற்குள் இருந்த குறியீடு பிசிஹெச் 31,21. பிரான்சில் ஹாக்குவென்கெம் 1959-இலும், நம்மூர்க்காரர்களான போஸும் ராய்-சௌதுரியும் 1960-இலும் தனித்தனியாகக் கண்டுபிடித்த குடும்பம். மூவர் பெயரின் முதலெழுத்துத்தான் பிசிஹெச். 21 பிட் சரக்குக்கு 10 பிட் காவல். இந்த 31 பிட் கட்டுக்குச் சொல் என்று பெயர். அதில் எந்த இரண்டு பிட் கெட்டாலும் திருத்தலாம். பேஜரில் 32-ஆவதாக, சொல்லில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் எண்ணிக்கை பிட் ஒன்றும் உண்டு. அதை முதலில் தேவையில்லை என்று விட்டேன். அந்தக் கதை பிறகு.

ஆறு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பிட்டாக மாற்றி மாற்றி அனுப்பினால், வரிசையாகப் பன்னிரண்டு பிட் கெட்டாலும் ஒரு சொல்லுக்கு இரண்டுதான் விழும். இரண்டைத் திருத்தலாம். நம் வேலியின் கொத்து பதினொன்று. ஆறு என்ற எண் இப்படித்தான் வந்தது.

டிகோடரின் முதல் பாதி, பத்து ஃப்ளிப்-ஃப்ளாப் கொண்டு ஒவ்வொரு அடிக்கும் பிட்களை ஒரு இடம் நகர்த்தும் ஒரு ஷிஃப்ட் ரெஜிஸ்டர். 11101101001 என்ற பல்லுறுப்புக்கோவையால் வந்த சொல்லை வகுத்து மீதி பார்க்கிறது, அவ்வளவே. பிட் வரவர வகுத்தலும் நடக்கும். சொல் முடியும்போது மீதியும் தயார். இந்த மீதிக்குப் பெயர் சிண்ட்ரோம். எனக்கு அது நாடி பிடிப்பது மாதிரி: பூஜ்யம் என்றால் உடம்பு நலம், மருந்து வேண்டாம்.

ஆறு சொல் கலந்து வருவதால் ஆறு நாடி பார்க்க வேண்டும். இதற்கு நேர்த்தியான ஒரு வழி உண்டு. ரெஜிஸ்டரின் ஒவ்வொரு ஃப்ளிப்-ஃப்ளாப்பையும் ஆறாக நீட்டிவிட்டால் போதும், கலந்து வரும் பிட்கள் தானாகத் தங்கள் தங்கள் சொல்லோடு சேர்ந்துகொள்ளும். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அறுபது ஃப்ளிப்-ஃப்ளாப்பும் நகர்கின்றன. அதை விட்டுவிட்டு, பத்து பத்தாக ஆறு தனி ரெஜிஸ்டர் வைத்து, முறை வந்தவருக்கு மட்டும் எனேபிள், அதாவது அசைய அனுமதி, கொடுத்தேன். ஒரு அடிக்குப் பத்துதான் அசையும். பந்தியில் இலை நகர்வதில்லை, பரிமாறுகிறவர்தான் நகர்கிறார். சரக்கு பிட்களுக்கும் அதே விதி. வந்தது வந்த வரிசையில் மெமரியில் போய் உட்காரும், அதன் பிறகு அசையாது. பிரித்து அடுக்குவது என்ற தனி வேலையே இல்லை. முகவரிக் கணக்கிலேயே அது முடிந்துவிடும்.

எனேபிள் வேண்டாம், கிளாக்கையே ஒரு அண்ட் கேட் போட்டு நிறுத்திவிடலாம் என்று ஒரு நாள் முயன்றேன். எஃப்பிஜிஏயில் அது வினை. கேட்டில் இருந்து முடி அளவு துடிப்பு ஒன்று தப்பி வந்து ரெஜிஸ்டரை ஒரு அடி கூடுதலாக நகர்த்திவிடும். ஒரு நாள் வீணானதுதான் மிச்சம்.

இரண்டாம் பாதி, எந்த பிட் கெட்டது என்று கண்டுபிடிப்பது. புத்தக வழி, 32 உறுப்புகள் கொண்ட எண் களத்தில் இருபடிச் சமன்பாடு அமைத்து, 31 இடத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து விடை தேடுவது. ஆனால் சிண்ட்ரோம் பத்து பிட்தான். மொத்தமே 1,024 விதம். பிழையே இல்லாதது 1, ஒற்றைப் பிழை 31, இரட்டைப் பிழை 465. ஆக 497-க்கு மருந்து உண்டு, மீதி 527 கைவிட்ட கேஸ். முன்கூட்டியே எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரு அட்டவணையாக எழுதிவிட்டேன். கெட்ட பிட்டின் இடத்துக்கு ஐந்து பிட், இரண்டாவதுக்கு ஐந்து, எத்தனை பிழை என்பதற்கு இரண்டு. பன்னிரண்டு பிட் அகலம், 1,024 வரி. சிப்பிலுள்ள 4 கிலோபிட் மெமரித் துண்டில் சரியாக மூன்று. ஒரு பிட் கூட வீணில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

நாடி பூஜ்யமாக இருந்தால் அட்டவணையைப் படிக்கவே கூடாது. மெமரியின் கிளாக் எனேபிள் மூடியே இருக்கும். இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், 4.8 கிலோஹெர்ட்ஸில் என் மீட்டரில் தெரியும் அளவுக்கு ஒன்றுமில்லை. வேகமான லிங்க் ஒன்றில் இதே டிகோடரை மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓட்டினால் தெரியும். ஆறு சொல்லும் சேர்ந்த ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்டு. இரண்டு வேலியும் பொறிந்தாலும் பதினைந்தில் ஒன்றுதான் மாட்டும். மீதிப் பதினாலுக்கு வைத்தியர் எழுந்திருக்க வேண்டியதில்லை.

அட்டவணையை பைத்தானில் உண்டாக்கியபோது பிட் வரிசையைத் தலைகீழாக எண்ணிவிட்டேன். விளைவு: 3-ஆவது பிட் கெட்டால் டிகோடர் மறுமுனையில் இருந்து 3-ஆவதைத் திருத்தும். ஒரு பிழையை இரண்டாக்கும் பிழைதிருத்தி! சிமுலேஷனில் 496 பிழை விதங்களையும் ஓட்டிப் பார்த்ததால் கடையிலேயே மாட்டியது. ஒற்றைப் பிழைகளில் நடுப்பிட் கெடும்போது மட்டும் சரியாக வந்ததுதான் துப்பு. கண்ணாடியில் நடு மட்டும்தான் இடம் மாறாது.

பொத்தையில் ஏற்றி இரண்டாம் வாரம் சித்தப்பா மறுபடி போன். "மேலக்கெணத்துல தொண்ணூத்தி மூணு அடி தண்ணி காட்டுதுலே. கெணறே அறுபது அடி. மிச்சம் ரோட்டுல ஓடுதா?"

இது நான் எதிர்பார்த்திருக்க வேண்டியது. ஒரு சொல்லில் மூன்று நாலு பிழை விழுந்துவிட்டால் நாடி எங்காவது போய் நிற்கும். 1,024-இல் 497 இடத்தில் மருந்துச் சீட்டு ஒட்டியிருக்கிறது. கண்டமேனிக்கு விழுந்தால் பாதிக்குப் பாதி, தவறான மருந்தைக் கொடுத்து நோயாளியை இன்னும் கெடுத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று டிகோடர் சான்றிதழும் தரும். பேஜர்காரர்கள் 32-ஆவது பிட்டை வைத்தது இதற்குத்தான். அதைச் சேர்த்ததும் ஒரே ஒரு விதி போதுமானதாக இருந்தது: அட்டவணை இரண்டு பிழை என்று சொல்லி, எண்ணிக்கை பிட் ஒற்றைப்படை என்று சொன்னால், குப்பையில் போடு. மூன்று பிழை எல்லாமே இதில் பிடிபடும். நாலுக்கும் அதற்கு மேலும் காவலாக, ஆறு சொல்லுக்கும் பொதுவாக சிஆர்சி என்ற 16 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று. இப்போது ஃப்ரேம் 192 பிட், அதில் சரக்கு 110. சரக்கும் சிஆர்சியும் சேர்ந்த இதே 126 பிட்டை விட்டர்பி வழியில் அனுப்பினால் 264 ஆகியிருக்கும்.

அதன் பிறகு டிஸ்ப்ளே பொய் சொல்லவில்லை. தெரியாவிட்டால் கோடு போட்டுக் காட்டுகிறது. சித்தப்பாவுக்கு அந்தக் கோடு பிடித்திருக்கிறது.

இப்போது மொத்தப் பெட்டியும் சராசரியாக 0.48 மில்லிஆம்பியர் எடுக்கிறது. அதில் ரேடியோதான் பெரிய பங்காளி. விழித்திருக்கும்போது 16 மில்லிஆம்பியர் பக்கம் இழுக்கும். ஆறு பெட்டிக்கும் காதைத் திறந்துவைக்கத் தலா இரண்டு செகண்டு ஜன்னல், பத்து நிமிஷத்தில் 12 செகண்டு, அதாவது 2 சதவீதம். சராசரி 0.32. பேட்டரிக் கணக்கு ஆறு மாதம் சொல்கிறது. ஈய பேட்டரி சும்மா இருந்தாலே இறங்கும் சாதி, அதனால் அந்த ஆறு மாதத்தை நான் நம்பவில்லை. ஐப்பசியில் தொடங்கி ஒரு அடைமழைக் காலம் முழுக்கத் தாங்கினால் சரி.

என் கூட்டாளி ஒருவர், காலேஜ் லேபில் இருக்கிறவர், கடைக்கு வந்து எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வே, இந்தக் குட்டி அட்டவணைய அந்த ஏடிமெகாவே படிச்சிருக்குமேவே. எஃப்பிஜிஏ எதுக்கு? கணக்குப் போட்டுப் பார்த்தீரா?"

பார்த்திருந்தேன். வாய் திறக்கத்தான் மனசில்லை. ஏடிமெகா 8 மெகாஹெர்ட்ஸில் விழித்திருந்தால் 4 மில்லிஆம்பியர். 2 சதவீத நேரம் என்றால் சராசரி 0.08. எஃப்பிஜிஏ சும்மா கசிவதே 0.09. அதாவது ஒரு மைக்ரோகண்ட்ரோலர் நேரடியாகச் செய்திருந்தால் இதே செலவில், ஒரு சிப் குறைவாக முடிந்திருக்கும். எல்யூடி என்ற சின்ன லாஜிக் கட்டங்கள் 5,280 உள்ள சிப்பில் நான் பயன்படுத்தியது 300-க்குச் சற்று மேல். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மூன்று பேருக்கு இலை போட்ட கதை; வாடகை மண்டபம் முழுமைக்கும்தானே.

ஆனால் அந்த 300 எல்யூடி அளவு லாஜிக்கை மட்டும் தனிச் சிலிக்கானாக எழுதினால் கசிவு எங்கோ கீழே போய்விடும். பலருடைய சின்ன டிசைன்களை ஒரே சிப்பில் சேர்த்து அச்சிட்டுத் தரும் டைனி டேப்அவுட் வழியாக 130 நானோமீட்டரில் ஒரு சின்னக் கட்டத்தில் இதை அச்சிடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே 12 கிலோபிட் அட்டவணைக்கு இடம் கிடையாது. தள்ளிவைத்த அந்த இருபடிச் சமன்பாட்டுக்கே திரும்ப வேண்டும். 31 இடத்தையும் போட்டுப் பார்க்க 31 அடி. பிட் கிளாக்கில் ஒரு சொல்லுக்கு ஆறரை மில்லிசெகண்டு, ஆறு சொல்லுக்கு 39. அடுத்த ஃப்ரேம் வருவதற்கு முன் முடிந்துவிடும், அவசரம் ஒன்றுமில்லை.

அதற்கு முன்னால் ஜன்னலைக் குறைக்க வேண்டும். இரண்டு செகண்டு ரொம்பத் தாராளம். 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பத்து நிமிஷத்தில் சில பத்து மில்லிசெகண்டுதான் விலகும். ஜன்னலை அரை செகண்டாக்கினால் ரேடியோ 0.08-க்கு இறங்கும், அப்போது எஃப்பிஜிஏதான் பெட்டியிலேயே பெரிய தீனிக்காரன், கூட்டாளி மறுபடி வந்து சிரிப்பார்.

இப்போதைக்குத் தொல்லை வேறு. பொத்தை உச்சியில் நட்ட குழாய் மயில்களுக்குத் தோதான இடமாகிவிட்டது. பேனல் முழுக்க எச்சம். போன வாரம் பார்த்தபோது சார்ஜ் கரண்ட் பாதி கூட இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை துணியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். பேனலின் மேல் விளிம்பில் கட்ட உடைமுள் வெட்டி வைத்திருப்பதாகச் சித்தப்பா சொல்லியிருக்கிறார்.